இருவர் பிரிவு

நாற்பது வயதுவரை ஜூடித் எந்தப் பந்தயத்திலும் கலந்துகொண்டதில்லை. சின்ன வயதில் அவளுக்கு இளைப்பு இருந்தது. பள்ளியில் விளையாட்டு விழா நாளன்று, ஓடப்போகிற பிள்ளைகள் கழற்றித் தருகிற கண்ணாடி, கைக்கடிகாரம், செயின் எல்லாவற்றையும் மடியில் போட்டுக்கொண்டு பந்தல் நிழலில் உட்கார்ந்திருப்பாள். "ஜூடித்கிட்ட குடு, பத்திரமா வெச்சிருப்பா" என்பார்கள். அந்த நம்பிக்கையில் அவளுக்கு ஒருநாளும் பெருமை இருந்ததில்லை.

இளைப்பு எப்போது விட்டது என்று அவளுக்கே தெரியாது. பி.யூ. கல்லூரியில் பிளஸ் டூ வயதுப் பிள்ளைகளுக்கு வேதியியல் பாடம் எடுக்கிற வேலை கிடைத்து, லிங்கராஜபுரத்தில் அம்மாவோடு குடியிருந்து, முப்பத்தேழாவது வயதில் முதுகுவலிக்காக ஒரு சைக்கிள் வாங்கினாள். முதலில் அல்சூர் ஏரியைச் சுற்றினாள். பிறகு ஹெசரகட்டா வரை போய்வந்தாள். ஒருநாள் நந்தி மலை ஏற்றத்தில், இருபது வயதுப் பையன்கள் மூச்சு வாங்கிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக, அவர்களைத் தாண்டி மிதித்துப் போனபோதுதான் தன் நெஞ்சுக்குள் இருப்பது நல்ல நுரையீரல் என்று கண்டுகொண்டாள். உச்சியில் யாரும் இல்லாத மூலையாகப் பார்த்து நின்று கொஞ்சம் அழுதாள்.

சங்கமித்ரா, ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து சைக்கிள் ஓட்டுகிற ஒரு கூட்டத்தில் கிடைத்த சிநேகிதி. நான்கு வயது இளையவள். கோலார் தங்கவயல் குடும்பம். கல்யாணமாகி அல்சூரில் இருந்தாள். புருஷன் மதியழகனுக்கு மெட்ரோவில் பராமரிப்பு வேலை. மித்ரா ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். குழந்தைகள் விஷயத்தில் அவளுக்கு நல்ல கை என்று பெயர். எங்கே தேடினாலும் நரம்பு அகப்படாத கைக்குழந்தைகளை மற்றக் கிளைகளிலிருந்துகூட அவளிடம் அனுப்பிவைப்பார்கள். விரலால் தடவிப் பார்ப்பாள், பேச்சுக் கொடுப்பாள், பிள்ளை அழலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் பஞ்சை வைத்து ஒட்டிவிடுவாள். சைக்கிளிலும் அதே நிதானம்தான். ஏற்றத்தில் ஜூடித்துக்கு ஈடுகொடுப்பாள். பாறை இறக்கம் வந்தால் மட்டும் இறங்கி உருட்டிக்கொண்டு வருவாள். அதில் அவளுக்கு வெட்கமே கிடையாது.

செப்டம்பரில் அந்த அறிவிப்பு வந்தது. கோலார் மலைகளில், ஜனவரி கடைசியில், இரண்டு நாள் மவுண்டன் பைக் என்கிற மலைச் சைக்கிள் பந்தயம். முதல் நாள் நாற்பத்திரண்டு கிலோமீட்டர், மறுநாள் முப்பத்தைந்து. இரண்டு நாள் நேரத்தையும் கூட்டித்தான் முடிவு. அதில் இருவர் பிரிவு என்று ஒன்று இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே போக வேண்டும். வழியில் நேரம் குறிக்கிற எந்தச் சாவடியிலும் ஒருவருக்கும் மற்றவருக்கும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் ஆட்டத்தில் இல்லை.

தர்ஷினியில், நின்றபடி சாப்பிடுகிற அந்தச் சின்ன ஓட்டலில், ஒரு காபியை இரண்டாக ஊற்றித் தருகிற பை-டூவைப் பகிர்ந்துகொண்டிருந்தபோது மித்ராதான் போனில் பெயர்ப்பட்டியலைப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, லேடீஸ் ஜோடில மொத்தமே ரெண்டு டீம்தான் இருக்கு. நாம சேர்ந்தா மூணு."

"அப்போ?"

"அப்போ என்ன, முடிச்சாலே மேடை ஏறலாம். கடைசியா வந்தாலும் மூணாவது பரிசு!"

மித்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு அது வேடிக்கை. ஜூடித்தும் சிரித்தாள். ஆனால் அந்த மேடை அவள் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது. பாடம் எடுக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, அம்மாவுக்குத் தலை பின்னும்போது, மரப்பலகை போட்ட ஒரு மேடையும் அதில் தன் பெயரைச் சொல்கிற ஒலிபெருக்கியும் அவளுக்கு வந்துவந்து போயின.

பயிற்சி ஆரம்பமாயிற்று. செவ்வாயும் வியாழனும் விடிகாலையில் வேலைக்குப் போவதற்கு முன்பு ஒன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை எலகங்காவைத் தாண்டி அவலஹள்ளி காட்டுக்குள் மண்பாதையில். பஞ்சரான டியூபை ஆறு நிமிஷத்தில் மாற்றப் பழகினார்கள். மிதித்துக்கொண்டே பேரீச்சம்பழமும் கடலை மிட்டாயும் தின்னப் பழகினார்கள். முதல் நாள் யார் வேண்டுமானாலும் மிதித்துவிடலாம், மறுநாள் காலை அதே வலியோடு சீட்டில் போய் உட்காருவதுதான் பந்தயம் என்று கூட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள். அதனால் ஜூடித் ஒரு நோட்டில் வாரவாரியாகத் திட்டம் எழுதி, முடித்ததைச் சிவப்பு மையில் அடித்துக்கொண்டே வந்தாள். மித்ராவின் வாரங்களையும் சேர்த்துத்தான்.

டிசம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவலஹள்ளியில் இடுப்பளவு உயரத்திலிருந்து சரிந்து இறங்குகிற ஒரு பாறைக்கு வந்தார்கள். ஜூடித் இறங்கிக் கீழே நின்றாள். மேலே மித்ரா வழக்கம்போலச் சைக்கிளைவிட்டு ஒரு காலை ஊன்றினாள்.

"நான் உருட்டிட்டு வர்றேன்க்கா."

"அங்கயும் இப்படி உருட்டினா ரெண்டு நிமிஷம் எங்க நிக்கும் மித்ரா?"

"அங்க பாத்துக்கலாம்."

"மூணு மாசமா பாத்துக்கலாம், பாத்துக்கலாம்னே சொல்ற. எனக்காக ஒரு தடவை வா. ஒண்ணும் ஆகாது. இதுக்குப் போய் இவ்ளோ பயமா?"

பின்னால் வந்த இரண்டு பேர் மித்ரா நகருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படிதான் ஜூடித் சொன்னாள். மித்ரா ஒருமுறை அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சீட்டில் ஏறினாள்.

முன்சக்கரம் பாறை வெடிப்பில் சிக்கி நின்றது. மித்ரா சைக்கிளைத் தாண்டி வந்து விழுந்தாள். வலது உள்ளங்கையைத் தரையில் ஊன்றி விழுந்தாள்.

அன்றே பக்கத்திலிருந்த கிளினிக்கில் படம் எடுத்தார்கள். எலும்பு முறிவு தெரியவில்லை. அங்கிருந்த டாக்டரம்மா கையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டு, நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னாள்: "சில எலும்புல விரிசல் இருந்தா முதல் எக்ஸ்ரேல தெரியாது. கட்டைவிரல் அடியில வலி இருந்துட்டே இருந்தா பத்து நாள் கழிச்சு மறுபடி எடுக்கணும். அதுவரைக்கும் கையை ஆட்டாதீங்க." மித்ரா தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற ஜூடித்தும் தலையாட்டினாள். வீட்டில் மதியழகனிடம், தர்ஷினிப் படிக்கட்டில் தடுக்கி விழுந்ததாக மித்ரா சொல்லிக்கொண்டாள். காட்டில் விழுந்தேன் என்றால் அவன் பந்தயத்துக்கு விடமாட்டான்.

பத்தாம் நாள் ஜூடித் போன் செய்தாள்.

"வீக்கம் எப்படி இருக்கு?"

"வீக்கம் இல்லக்கா. வத்திடுச்சு."

"அப்போ சுளுக்குதான். நல்லவேளை."

"அப்படித்தான் போல," என்றாள் மித்ரா.

வலியைப் பற்றி ஜூடித் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பதில் வந்தால் படம் எடுக்க வேண்டும். படம் எடுத்தால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? பந்தயத்துக்கு ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. இதையெல்லாம் அவள் இப்படி வரிசையாக யோசித்தாள் என்றில்லை. போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்து, விட்டுப்போன இரண்டு வாரத்தை மீதி வாரங்களில் எப்படிப் பிரித்துப் போடலாம் என்று பார்க்க ஆரம்பித்தாள், அவ்வளவுதான்.

புது வருஷத்திலிருந்து, மதியழகனிடம் சும்மா நடக்கப் போவதாகச் சொல்லி, சைக்கிளை ஜூடித் வீட்டில் வைத்துக்கொண்டு, மித்ரா மறுபடி வந்தாள். மணிக்கட்டில் துணிப்பட்டை சுற்றியிருந்தாள். தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பல்லால் திருகித் திறந்தாள். ஹெல்மெட் வாரை இடது கையால் மாட்டினாள். இறக்கத்தில் அவளுடைய பின்சக்கரம் அடிக்கடி சறுக்கி மண்ணில் கோடு போட்டது. முன்சக்கரத்தின் பிரேக் வலது கையில் இருக்கிறது. அவள் அதைத் தொடாமல் இடது கையால் பின் பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டு வருகிறாள் என்பதை ஜூடித் இரண்டே நாளில் கண்டுகொண்டாள்.

"மித்ரா, பின்னாடி பிரேக்கை மட்டும் பிடிக்காதே. சறுக்குது பாரு. ரெண்டையும் சமமா பிடி."

"சரிக்கா."

தெரிந்துகொண்டே சொன்ன வார்த்தை அது. பாடம் சொல்லிக்கொடுப்பதுபோல, பொறுமையாக, அன்பாகக்கூடச் சொன்னாள். பின்னாளில் மற்ற எதை நினைத்தாலும் தாங்கிக்கொள்கிற ஜூடித்துக்கு, அந்தக் குரலின் பொறுமையை நினைக்கும்போதுதான் உடம்பு கூசியது.

பந்தயத்துக்கு முந்தைய வாரம் ஒத்திகை. சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து, பந்தயத்தில் பாதித் தூரம். சனிக்கிழமை மித்ரா பேச்சே இல்லாமல் முடித்தாள். ஞாயிறு காலை ஒன்பது மணிவாக்கில், ஒரு சின்ன இறக்கத்தின் நடுவே, சைக்கிளை மெதுவாகப் படுக்கவைத்துவிட்டு ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, விரலை மடக்க முடியலக்கா."

முகம் வெளுத்து, உதட்டுக்குமேல் வேர்வை பூத்திருந்தது. ஜூடித் அவளருகில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கட்டைவிரலுக்குக் கீழே குழியாக இருக்கும் இடத்தில் விரல் பட்டதும் மித்ரா துள்ளிவிட்டாள்.

மறுநாள் ஸ்கேன். எலும்பு மருத்துவர் ஸ்ரீஹர்ஷா, திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். மணிக்கட்டுக்குள் முந்திரிப்பருப்புபோல ஒரு சின்ன எலும்பு. நடுவில் இரண்டாகப் பிரிந்திருந்தது.

"இதுக்கு ரத்த ஓட்டமே கம்மி. சீக்கிரம் பாத்திருந்தா மாவுக்கட்டுலயே சேர்ந்திருக்கும். இப்போ ரெண்டு துண்டும் விலகிடுச்சு. இடுப்புல இருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து வெச்சு ஸ்க்ரூ போடணும். விழுந்தப்புறம் கைக்கு பாரம் ஏதாவது குடுத்தீங்களா?"

மித்ரா தரையைப் பார்த்தாள். மதியழகன், "படியில தடுக்கி விழுந்தா சார். வீட்டுல பாத்திரம்கூட நான்தான் கழுவினேன்," என்றான். சொல்லிவிட்டு, அறையில் யாரும் அதற்கு ஆமாம் சொல்லாததைக் கவனித்து, மனைவியைப் பார்த்தான். பிறகு ஜூடித்தைப் பார்த்தான்.

"அக்கா?"

"சைக்கிள் ஓட்டினா," என்றாள் ஜூடித். "மூணு வாரமா."

மதியழகன் கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவன் மருத்துவரிடம் திரும்பி, "ஆபரேஷன் எப்போ சார்?" என்று மட்டும் கேட்டான். கிடைத்த தேதி சனிக்கிழமை. பந்தயத்தின் முதல் நாள்.

வெளியே பெஞ்சில் மித்ரா சொன்னாள்: "தனியாள் பிரிவுக்கு மாத்திக் கேளுக்கா. குடுப்பாங்க."

"பைத்தியமா உனக்கு? நான் இங்க இருக்கேன்."

"நீ இங்க உக்காந்து என்ன பண்ணப்போற? அவர் இருக்காரு, எங்கப்பா வர்றாரு. நாலு மாசம் உழைச்சிருக்க. ஒருத்தராவது போயிட்டு வரணும்ல. போ."

ஜூடித் இன்னும் ஒருமுறை மறுத்தாள். மித்ரா இன்னும் ஒருமுறை போகச் சொன்னாள். மூன்றாம் முறை மறுக்கவில்லை. போகச் சொல்கிறவர்கள் எல்லோருக்கும் நாம் போய்விட வேண்டும் என்பது ஆசையாக இருக்காது. அதைக் கேட்டறிகிற காது ஜூடித்துக்கு உண்டு. மாணவர்கள் விஷயத்தில் அவள் அதில் கெட்டிக்காரி. அன்றைக்கு அந்தக் காதை மூடிக்கொண்டாள். பந்தயம் நடத்துகிறவர்களுக்கு மின்னஞ்சல் எழுதினாள். மாற்றிக் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை காலை மலையடிவாரத்தில் பனி விலகாத நேரத்தில் நூற்றிருபது சைக்கிள்கள் கிளம்பின. ஜூடித் தன் போனைப் பையின் அடியில் போட்டிருந்தாள். முதல் பத்து கிலோமீட்டர் முழுக்க மித்ராவைப் பற்றிய நினைவுதான். மயக்க மருந்து கொடுத்திருப்பார்களா, பயந்திருப்பாளா, போய்விடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. முள்ளுச்செடி இரண்டு கையையும் கீறியது. ஏற்றத்தில் கல் உருண்டு உருண்டு சக்கரம் நின்றது. தொடை பற்றியெரிந்தது. அதற்குப் பிறகு நினைவுக்கு நேரமில்லாமல் போயிற்று.

உச்சியைத் தாண்டியதும் இறக்கம். பாறைகளுக்கு நடுவே செம்மண் பாதை வளைந்து வளைந்து கீழே ஏரிவரை ஓடியது. ஜூடித் பிரேக்கை விட்டாள். காற்று காதில் அறைந்தது. சைக்கிள் தன் உடம்பின் ஒரு பாகம்போல ஒவ்வொரு வளைவிலும் சாய்ந்து நிமிர்ந்தது. பந்தல் நிழலில் யாருடைய கண்ணாடியையோ காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் இவள்தானா? வாயைத் திறந்து உரக்கச் சிரித்தாள். சின்னப் பிள்ளைபோல, கீழே போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே போனாள்.

முடிவுக் கோட்டைத் தாண்டியபோது மணி ஒன்றரை. பையிலிருந்து போனை எடுத்தாள். மதியழகனிடமிருந்து ஒரே ஒரு செய்தி, பதினொன்று நாற்பதுக்கு வந்தது: 'முடிஞ்சுதுக்கா. நல்லா இருக்கா.' அந்த நேரத்தில் தான் எங்கே இருந்தோம் என்று ஜூடித் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரியாக அந்த இறக்கத்தில் இருந்திருக்கிறாள்.

மறுநாளும் ஓட்டினாள். திரும்பி வந்துவிடலாம் என்று ராத்திரி கூடாரத்தில் படுத்தபடி முடிவெடுத்திருந்தாள். காலையில் எழுந்து சீட்டில்தான் உட்கார்ந்தாள். தனிப் பெண்கள் பிரிவில் பதினாலு பேரில் ஒன்பதாவதாக முடித்தாள். பெண்கள் ஜோடிக்குப் பரிசு கொடுத்தபோது மேடையில் மூன்றாவது படி காலியாக இருந்தது. அதைப் பார்க்காமல் சைக்கிளை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு அல்சூருக்குப் போனாள். மித்ரா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை கட்டு. மதியழகன் கதவைத் திறந்து, "வாங்கக்கா" என்று சொல்லி, காபி வைத்துக் கொடுத்துவிட்டு, வேலைக்குக் கிளம்பிப் போனான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. போகிறபோது, ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு லட்சுமம்மாவைக் கூப்பிடச் சொல்லி மனைவியிடம் சொன்னான். ஜூடித் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது அப்படிச் சொன்னான்.

ஜூடித் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மித்ரா, உனக்கு வலிக்குதுன்னு எனக்குத் தெரியும். ஆரம்பத்துல இருந்தே தெரியும்."

"ம்."

"உனக்கு இது தெரியுமா?"

"தெரியாம என்னக்கா? நீ என் கையைப் பாக்கவே மாட்ட. மூஞ்சியைப் பாத்தே பேசுவ." மித்ரா போர்வையின் நூலை இடது கையால் இழுத்துக்கொண்டிருந்தாள். "உன்னை மட்டும் சொல்லமாட்டேன். எனக்கும் போகணும்னு இருந்துச்சு. நான் சின்னக் குழந்தை இல்ல, ஆஸ்பத்திரி விஷயம் தெரிஞ்சவதான். நானே போயிருக்கணும். ஆனா..."

"சொல்லு."

"வலிக்குதான்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம்க்கா நீ. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ கேப்ப, கேப்பன்னு பாத்தேன். நானா சொன்னா, உன் ரேஸை நான் கெடுத்த மாதிரி ஆயிடும்ல?"

"மன்னிச்சுடு" என்றாள் ஜூடித். மித்ரா போர்வை நூலை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"எப்படி இருந்துச்சு ரேஸ்? அதைச் சொல்லு."

"நல்லாத்தான் இருந்துச்சு."

"முழுசா சொல்லு. நான் படிச்சுப் படிச்சு மனப்பாடம் பண்ண ரூட்டு அது. முதல் ஏற்றம் எப்படி?"

ஜூடித் சொல்ல ஆரம்பித்தாள். முள்ளைச் சொன்னாள், உருளும் கல்லைச் சொன்னாள், இரண்டாம் சாவடியில் கொடுத்த உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரைச் சொன்னாள். இறக்கம் வந்ததும் நிறுத்தினாள். இதை விழுங்கிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் இந்த ஒன்றரை மாசத்தில் விழுங்கியது போதும் என்றும் தோன்றியது.

"அந்த இறக்கத்துல நான் சிரிச்சேன் மித்ரா. சத்தமா. உன் நினைப்பே இல்ல எனக்கு."

மித்ரா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே யாரோ ஆட்டோவைக் கிளப்ப முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போகும்வரை அவள் திரும்பவில்லை.

"சரி," என்றாள் பிறகு. கண் கலங்கியிருந்தது. "அதுக்கப்புறம்?"

ஜூடித் அதற்கப்புறத்தையும் சொன்னாள். இரண்டு நாளையும் கடைசிவரை சொன்னாள்.

எலும்பு சேர்ந்தது. சேர நாலு மாசம் பிடித்தது. மணிக்கட்டு முன்போலப் பின்னால் வளையவில்லை. கட்டைவிரல் நுனியில் உணர்ச்சி மட்டுப்பட்டுவிட்டது. பரிசோதனைக் கூடத்தில் மித்ராவை ரிப்போர்ட் கொடுக்கிற கவுண்டரில் உட்காரவைத்தார்கள். நல்ல நிர்வாகம், சம்பளத்தைக் குறைக்கவில்லை. சைக்கிளை அவள் மறுபடி எடுக்கவில்லை. ஜூடித் எடுத்தாள்; ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக, தார் ரோட்டில் மட்டும். அடுத்த பந்தயத்துக்கு சைக்கிள் கூட்டத்தின் தலைவர் ஆண்ட்ரூ இரண்டு முறை கூப்பிட்டும் பெயர் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் மாசத்துக்கு ஒருமுறை தர்ஷினியில் சந்திப்பார்கள். பேச விஷயம் இருக்கும். முன்புபோல விழுந்து விழுந்து சிரிக்க மட்டும் எதுவும் வாய்க்கவில்லை.

ஜூலையில் ஒருநாள், மதிய இடைவேளையில், மித்ராவின் போன் வந்தது.

"அக்கா, இன்னைக்கு ஒரு குழந்தைக்கு எடுத்தேன். ஆள் இல்லன்னு என்னைக் கூப்பிட்டாங்க."

ஜூடித் ஆசிரியர் அறையை விட்டு வராந்தாவுக்கு வந்தாள். "எடுத்தியா? எப்படி?"

"மூணு தடவை குத்தவேண்டியதாயிடுச்சு. ரொம்ப அழுதுடுச்சு. அவங்கம்மா ஒண்ணும் சொல்லல."

"உனக்கு வலிச்சுதா?"

"இல்லக்கா," என்றாள் மித்ரா. உடனே, யோசிக்காமல், சாதாரணமாகச் சொன்னாள்.

அது நிஜமா பொய்யா என்று ஜூடித்துக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் அந்தக் குரலில் எது நிஜம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மறுபடி கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கவுண்டரில் யாரோ வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. "ரெண்டு நிமிஷம் சார், பேர் சொல்லுங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே மித்ரா போனை வைத்துவிட்டாள்.